மாடு தின்னாத பத்திரிகை

எங்கள் வீட்டில் நாளொன்றுக்கு நான்கு முறையாவது எல்லாம் நாசமாய்ப் போய்க்கொண்டிருந்தது. பால் பொங்கினால் அம்மா "நாசமாப் போச்சு" என்பாள். மாவு புளித்தாலும் அதேதான். எட்டு ஐந்து மின்சார ரயில் தவறினால் அப்பா, "இன்னிக்குப் பொழப்பு மண்ணு" என்று செருப்பைக் கழற்றுவார். நான் கணக்கில் நாற்பது வாங்கிய மாலையில் குட்டிச்சுவர் என்ற சொல் வந்தது. பிறகு அதே வீட்டில், அதே பாலில் காபி குடித்தோம். அப்பா அடுத்த ரயிலைப் பிடித்தார். ஒன்றும் ஆகியிருக்காது.

இந்தச் சொற்களை எல்லாம் யார் எப்போது சொன்னார்கள் என்ற விவரத்தோடு ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்திருந்தேன். எனக்கு அப்போது வயது பதினொன்று. எதையும் எழுதி, வரிசைப்படுத்தி, தேதி போட்டு வைக்கும் வழக்கம் அன்று தொடங்கியதுதான். ஆனால் இந்த நோட்டு பொழுதுபோக்குக்காக அல்ல, மாமாவின் பத்திரிகைக்காக.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பட்டப்படிப்பு முடித்துவிட்டு, வங்கித் தேர்வுகள் எழுதிக்கொண்டு, கிழக்குத் தாம்பரத்தில் எங்களோடு இருந்தார். காலனி கிரிக்கெட் அணிக்கு அவர்தான் கேப்டன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் ஒரு முழுத்தாளில் கையெழுத்துப் பத்திரிகை தயாராகும். திங்கள் காலை தெருமுனையில் ரேஷன் கடையின் பக்கச் சுவரில் ஒட்டப்படும். ஆசிரியர், நிருபர், அதிபர் எல்லாம் மாமாவே. கையெழுத்து மட்டும் என்னுடையது. மாமா எழுதியதை மாமாவாலேயே மறுநாள் படிக்க முடியாது.

"தோத்துட்டாங்கன்னு எழுதினா எவன் நின்னு படிப்பான்?" என்பது அவருடைய பத்திரிகை தர்மம். எதிரணி தோற்கக் கூடாது, அழிய வேண்டும். ஒரு முறை அழிந்த விதத்தில் அடுத்த வாரமும் அழியக் கூடாது. ஆகவே புதுப்புதுச் சொற்கள் தேவைப்பட்டன. அவற்றைத் தேடித் தருவது என் பொறுப்பு. அப்பாவின் அகராதி, தேர்தல் ஜீப்பின் ஒலிபெருக்கி, பள்ளிக்கு எதிரே ஒட்டியிருக்கும் சுவரொட்டிகள் என்று எங்கெங்கோ பொறுக்கினேன். பொறுக்கியதை ஓட்ட வித்தியாசத்துக்கு ஏற்ப அடுக்கினேன். பத்து ஓட்டம் வரை 'சரிந்தது'. இருபது வரை 'சிதறியது'. முப்பதுக்கு 'தவிடுபொடி'. ஐம்பதுக்கு 'துவம்சம்'. அதற்கு மேல் 'நிர்மூலம்'. 'தரைமட்டம்' என்பதை மாமா தள்ளிவிட்டார். வறண்ட ஏரியில் ஆடுகிற ஆட்டம், அது ஏற்கெனவே தரைமட்டமாகத்தான் இருக்கிறது என்றார். எங்கள் அணி தோற்ற வாரங்களில் மட்டும் 'வெற்றி வாய்ப்பு நூலிழையில் நழுவியது' என்று எழுதுவோம். நாற்பது ஓட்டம் என்றாலும் நூலிழைதான்.

பெரும்பாலும் அழிந்தது பக்கத்து ஊர் ராஜகீழ்ப்பாக்கம் அணி. அந்த ஒரு கோடையில் மட்டும் அவர்களை ஐந்து முறை அழித்தோம். அழிந்தவர்கள் அடுத்த ஞாயிறு அதே பதினோரு பேராக, ஒரே ஒரு மட்டையைச் சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

அவர்களுடைய வேகப் பந்துவீச்சாளரை நான் ராஜகீழ்ப்பாக்கம் அண்ணா என்று கூப்பிடுவேன். கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. ஆட்டம் முடிந்ததும் மாமாவோடு எங்கள் வீட்டுக்கு வருவார். வலது மணிக்கட்டில் மந்திரித்த கறுப்புக் கயிறு கட்டியிருக்கும். அவருடைய அப்பாவும் அண்ணனும் ஒரே வருடத்தில் இறந்துபோனவர்கள். வீட்டில் மிச்சம் அவரும் அவருடைய அம்மாவும்தான். மகன் சட்டை மாட்டினாலும் அந்த அம்மா கயிறு இருக்கிறதா என்று மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாராம். மாமாவுக்கு அந்தக் கயிற்றின் மேல் ஒரு கண்.

"பால் நீ போடல மச்சான், கயிறு போடுது."

"கழட்டித் தரேன், நீ கட்டிக்கினு ஆடு. அப்புறம் எங்கம்மா வந்தா நீதான் பதில் சொல்லணும்."

என் பக்கம் திரும்பி, "என்னம்மா, இந்த வாட்டி எங்கள என்ன பண்ணி வெச்சிருக்க?" என்று கேட்பார்.

"துவம்சம்ணா."

"போன வாட்டி?"

"நிர்மூலம்."

"அப்ப பரவால்ல. இந்த வாட்டி கொஞ்சம் பொழச்சுக்கினோம்."

இதற்குள் அத்தை தண்ணீர் கொண்டுவந்திருப்பாள். அத்தை அப்பாவின் தங்கை. இருபத்து மூன்று வயது. டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். மாமா இரண்டாவது டம்ளர் கேட்டால், "பானை அங்கதான் இருக்கு" என்பாள். அண்ணாவுக்கு மட்டும் இரண்டாவது டம்ளர் கேட்காமலேயே வரும். திங்கட்கிழமை காலையில் எங்கள் பத்திரிகையின் முதல் வாசகி அவள்தான். என் எழுத்துப் பிழைகளைத் திருத்துவாள். எல்லாப் பத்திகளிலும் பிழை இருக்கும். ராஜகீழ்ப்பாக்கம் பந்துவீச்சு வருகிற பத்தியில் மட்டும் திருத்தம் இருக்கும். இதையும் எழுதிவைத்திருக்கிறேன். ஏன் என்று எழுதவில்லை.

பெரியவர்களுக்கு நடுவில் பேச்சு நடந்தது. ஜாதகம் பார்த்தார்கள். பத்துக்கு எட்டுப் பொருத்தம். அண்ணாவின் அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்துக்கொண்டு வளர்பிறைப் புதன்கிழமை மாலை வந்து பூ வைத்துவிட்டுப் போவதாக முடிவாயிற்று. அந்தச் செய்தி வந்த அன்று அத்தை டியூஷன் பிள்ளைகளுக்கு ஏழாம் வாய்ப்பாட்டை மூன்று முறை ஒப்பிக்க வைத்தாள். மூன்று முறையும் அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

இந்த நாட்களில்தான் தண்ணீர் லாரிக்கு அருகில் ஒரு சண்டை நடந்தது. குடம் வைத்த வரிசை மாறிவிட்டது என்று இரண்டு பெண்கள். ஒருத்தி எங்கள் தெருவிலேயே வாய்க்குப் பேர்போனவள். எந்தச் சொல்லுக்கும் அவளிடம் பதில் உண்டு. நான் என் குடத்தோடு நின்று இரண்டு புதுச் சொற்கள் சேர்த்துவிட்டேன். அப்போது மற்றவள் சொன்னாள்: "நீயும் உன் வூடும் பூண்டோட போவீங்கடி."

பதில் வரவில்லை. வரிசையே பேச்சை நிறுத்தியது. வாய்க்குப் பேர்போனவள் நிரம்பாத குடத்தைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள். அன்று மாலை நோட்டின் கடைசிப் பக்கத்தில், நிர்மூலத்துக்கும் மேலே, தனியாக எழுதினேன்: 'பூண்டோடு. புல் பூண்டு இல்லாமல் முழுக்க. இதற்குப் பதில் கிடையாது. மிகப் பெரிய ஆட்டத்துக்கு மட்டும்.'

பெரிய ஆட்டம் அடுத்த ஞாயிறே வந்துவிட்டது. நாங்கள் பன்னிரண்டு ஓவரில் தொண்ணூறு. ராஜகீழ்ப்பாக்கம் பத்தொன்பதுக்கு எல்லாரும் அவுட். கடைசி விக்கெட் அண்ணாதான். அன்று மாலையே மாமா ஒரு வேலைக்கான நேர்முகத்துக்குப் பெங்களூர் கிளம்ப வேண்டியிருந்தது. ஓட்டக் கணக்கு எழுதிய சிகரெட் அட்டையை என்னிடம் கொடுத்தார்.

"நீயே எழுதி ஒட்டிடு. எழுபத்தோரு ரன். வார்த்த பெரிசா இருக்கட்டும். ஆனா பாத்துப் போடு."

பார்த்துப் போடு என்றால் பிழையில்லாமல் எழுது என்று எடுத்துக்கொண்டேன். நிர்மூலத்தை இரண்டு வாரத்துக்கு முன்புதான் செலவழித்திருந்தோம். கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். தலைப்பை இரண்டு அங்குல உயரத்தில், அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, பட்டை எழுத்தில் எழுதினேன்: 'பூண்டோடு அழிந்தது ராஜகீழ்ப்பாக்கம்.' அதன் கீழே, கடைசியாக ஆட்டமிழந்தவர் என்பதால், அண்ணாவின் பெயரை முழுப் பெயராக, அப்பா பெயரின் முதலெழுத்தோடு எழுதினேன். ஒரு பிழை இல்லை. அகராதியோடு இரண்டு முறை சரிபார்த்தேன்.

எங்கள் பத்திரிகைக்கு ஒரு குறை உண்டு. திங்கள் காலை ஒட்டினால் செவ்வாய் மாலைக்குள் தெருவின் கறுப்பு மாடு அதைத் தின்றுவிடும். மைதாப் பசைக்கு ஆசைப்பட்டுத் தாளையும் சேர்த்து உரித்துவிடும். 'நமக்கு உண்மையான வாசகர் அதுதான், ஒரு வரி விடாது' என்பார் மாமா. இந்த முறை பொறுப்பு முழுக்க என் கையில் இருந்ததால் ஓர் ஏற்பாடு செய்தேன். என் பேனுக்காக அம்மா குளியலறை மாடத்தில் வேப்பெண்ணெய் வைத்திருந்தாள். அதில் இரண்டு கரண்டி எடுத்துப் பசையில் கலந்தேன். செவ்வாய் மாலை மாடு வந்தது. முகர்ந்தது. ஒரு தும்மல் போட்டுவிட்டு எதிர்ச்சுவரில் ஒரு புதுக் கடைத் திறப்பு விழாவைத் தின்னப் போய்விட்டது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற மகிழ்ச்சி இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

அத்தை அந்த வாரம் பத்திரிகையைப் பார்க்கவில்லை. பூ வைக்க வருகிற வாரத்தில் வெயிலில் அலைந்தால் முகம் கறுத்துவிடும் என்று அம்மா அவளை வாசல் தாண்ட விடவில்லை.

புதன்கிழமை மாலை வீடு முழுக்க நெய் வாசனை. அம்மா கேசரி கிளறினாள். அப்பா அரை நாள் விடுப்பு எடுத்து வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, செய்தித்தாளை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். அத்தை அரக்கு நிறப் பட்டில் இருந்தாள். என்னைத் தெருமுனையில் போய் நிற்கச் சொன்னார்கள். அவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் ஓடிவந்து சொல்ல வேண்டும்.

நான் ரேஷன் கடைப் படியில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தரைக்கு இரண்டு பெண்கள் வேளச்சேரி சாலையிலிருந்து நடந்து வந்தார்கள். அண்ணாவின் அம்மாவை எனக்கு உடனே தெரிந்தது. அதே நெற்றி, அதே நடை. கையில் தாம்பாளம், மேலே மஞ்சள் துணி. துணியின் ஓரத்தில் மல்லிகைச் சரத்தின் நுனி வெளியே தெரிந்தது. நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அவர் சுவருக்கு அருகில் நடையைத் தளர்த்துவதைப் பார்த்துவிட்டேன். என் எழுத்தைப் புதிதாக ஒருவர் படிக்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கிற ஆசை.

அவர் தலைப்பைப் படித்தார். கீழே வந்தார். மகன் பெயர் இருந்த இடத்தில் நின்றார். மறுபடியும் மேலே போய்த் தலைப்பைப் படித்தார். தாம்பாளத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கை விரலால் அந்தப் பெயரைத் தொட்டார். மணிக்கட்டில் கயிறு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல மெதுவாக.

"வா, போலாம்" என்றார்.

கூட வந்தவள் புரியாமல், "இன்னாக்கா, வூட்டாண்ட வந்துட்டு" என்றாள்.

"சகுனம் சரியில்ல. வா."

"அக்கா, பந்து ஆட்டத்த எழுதிக்கீறாங்க. பசங்க வெளாட்டு."

"எனக்கும் படிக்கத் தெரியும்."

திரும்பி நடந்தார்கள். சகுனம் என்றால் எனக்குத் தெரிந்தது பூனை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். பூனை இல்லை. வீட்டுக்கு ஓடினேன்.

நான் சொன்னதைக் கேட்டு அப்பா எழுந்து வாசலுக்கு வந்தார். அம்மா கரண்டியோடு வந்தாள். என்ன சகுனம், யார் எதிரே வந்தார்கள், நீ ஏதாவது குறுக்கே ஓடினாயா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நான் எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். அதுதான் உண்மை. அத்தை மட்டும் கடைசியாகக் கேட்டாள்.

"எந்த எடத்துல நின்னு திரும்பினாங்க?"

"நம்ம பத்திரிகைகிட்ட அத்த. ரெண்டு தடவ படிச்சாங்க. மாடு தின்னவே இல்ல."

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு என் பாவாடையில் ஒட்டியிருந்த காய்ந்த பசையை நகத்தால் எடுத்துவிட்டாள். "சரி, போய்க் கை கால் கழுவு" என்று சொல்லிவிட்டு, புடவை மாற்ற உள்ளே போனாள்.

அந்தக் கேசரியை யாரும் தொடவில்லை. மறுநாள் அம்மா அதைக் கறுப்பு மாட்டுக்கு வைத்தாள். பத்து நாள் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. ஜாதகத்தை வேறு இடத்தில் காட்டியதில் பொருத்தம் சரியாக இல்லை என்று நான்கு வரி. எட்டுப் பொருத்தம் எப்படி இல்லாமல் போகும் என்று அப்பா நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணா அதன் பிறகு வரவில்லை. ராஜகீழ்ப்பாக்கம் அணி இரண்டு வாரம் பத்துப் பேரோடு வந்தது. பிறகு அதுவும் நின்றது. மாமாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. பத்திரிகை அந்த இதழோடு முடிந்துபோனது. கடைசி இதழ் எங்கே என்று மாமா ஒரு முறை கேட்டபோது, "மாடு தின்னுடுச்சு" என்று அத்தைதான் பதில் சொன்னாள்.

மூன்று வருடம் கழித்து அத்தைக்கு ஈரோட்டில் கல்யாணம் ஆயிற்று. நல்ல மனிதர், நல்ல குடும்பம். அத்தை குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அந்த மூன்று வருடமும் அவள் திங்கட்கிழமை காலைகளில் தெருமுனை வரை போய்விட்டு வருவாள். வெறும் சுவர்தான் இருக்கும். நானும் சில நாள் கூடப் போயிருக்கிறேன். எதற்குப் போகிறோம் என்று கேட்டதில்லை.

அண்ணாவின் அம்மாவை வெகு காலம் மூடநம்பிக்கைக்காரர் என்று நினைத்திருந்தேன். இப்போது எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். அவன் ரயிலில் போகிற நாட்களில் சில சொற்களை நான் வாயில் வைப்பதில்லை, அது பால் பொங்கியதற்காக என்றாலும். அவர் எதையும் தப்பாகப் படிக்கவில்லை. அது டென்னிஸ் பந்து ஆட்டம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் நாசம் என்றால் அடுப்பைத் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் வீட்டில் இரண்டு பேர் ஏற்கெனவே போயிருந்தார்கள். மிச்சமிருந்த ஒருவருக்குப் பூ எடுத்துக்கொண்டு வருகிற வழியில், அந்தப் பெயர் அந்தச் சொல்லின் கீழே, அழிக்க முடியாத மையில், பட்டை எழுத்தில் இருந்தது.

அத்தை இப்போது மகனோடு ஊரப்பாக்கத்தில் இருக்கிறாள். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை போய்ப் பார்ப்பேன். போன மாதம் அந்த வருடத்து என் பழைய டைரியைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது. அந்தத் தலைப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று ரயிலில் நான்கு விதமாக வாக்கியம் அமைத்துப் பார்த்தேன். காபி வந்தது. பேரனைப் பற்றிப் பேசினோம். கடைசியில் வேறெங்கோ தொடங்கினேன்.

"அத்த, மாமா பத்திரிகை ஒட்டுவாரே, ஞாபகம் இருக்கா? கடைசி இதழ மாடு தின்னுடுச்சுன்னு சொன்னீங்களே."

அத்தை டம்ளரை வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

"அந்தக் கறுப்பு மாடா? அது நம்ம தெருவுல எதத்தான்டி விட்டு வெச்சுது."

முகத்தில் ஒரு சலனம் இல்லை. இத்தனை வருடம் கழித்தும் அதே பதில், அதே குரல். நான் பையைத் திறக்கவில்லை. அவள் கேட்காமலேயே இரண்டாவது டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தாள்.

டைரியில் அந்தப் புதனுக்கு மறுநாள், வியாழக்கிழமைப் பக்கம் இப்போது என் முன்னால் இருக்கிறது. கோடு தாண்டாத, பிழையில்லாத கையெழுத்து. எட்டு வரி. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன்; எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருக்கிறேன்.

'காலையில் பத்திரிகையைக் காணவில்லை. சுவரில் நகத்தால் சுரண்டியதுபோல வெள்ளைக் கோடுகள். மாட்டின் நாக்கு சொரசொரப்பாக இருக்கும் என்று அறிவியல் மிஸ் சொல்லியிருக்கிறார். அத்தை தலை பின்னிவிட்டாள். அத்தையின் விரல் நுனியில் இரண்டு இடத்தில் காயம். கையெல்லாம் வேப்பெண்ணெய் வாசம். அத்தைக்கும் பேன் வந்துவிட்டது போலிருக்கிறது. அடுத்த முறை பசையில் வேப்பெண்ணெய் நான்கு கரண்டி ஊற்ற வேண்டும்.'